புனுகும் சவ்வாதும்: காவிரிப் படுகையின் ஆடவர் நறுமணமும் அதன் மறுவாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

சந்தனம், புனுகு, சவ்வாது ஆகியவை தமிழக ஆடவர் மேனியில் பூசிவந்த மரபான நறுமணப் பொருள்கள். இப்பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன. ஆனால் அவை சுட்டும் பொருள்கள் பெரும்பாலும் மாறிவிட்டன. விலங்கிலிருந்து பெற்ற புனுகின் இடத்தைத் தொகுப்பு வேதிப்பொருள்களும், சந்தன மரத்தின் இடத்தை அதன் மணத்தை ஒத்த செயற்கைப் பொருள்களும் பிடித்துள்ளன. பெயர் மாறாமல் உட்பொருள் மாறிய இந்நிகழ்வை மறுவாக்கம் எனக் கொண்டு, இலக்கியம், கல்வெட்டு, சொல் வரலாறு, வேதியியல் ஆகிய நான்கு நிலைகளில் பழையதையும் புதியதையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. மறுவாக்கத்தால் நேர்ந்த பெரிய இழப்பு புனுகு நீங்கியது அன்று, சேர்மானம் பற்றிய பதிவு இல்லாமற் போனதே என்பது இக்கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: புனுகு, புழுகு, சவ்வாது, சந்தனம், தஞ்சாவூர், மறுவாக்கம், சிவெட்டோன்.

முன்னுரை

தஞ்சை வட்டாரத் திருமண வீட்டு வாயிலில் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்பும் கற்கண்டுத் தட்டும் வைத்து விருந்தினரை வரவேற்பது இன்றும் தொடரும் வழக்கம். ஆடவர் சந்தனத்தைக் கழுத்திலும் மார்பிலும் கையிலும் பூசிக்கொள்வர். சவ்வாதைச் சிறிதளவு எடுத்துக் காதின் பின்புறத்திலோ மேலாடையிலோ தடவிக்கொள்வர். நறுமணப் பொருள்களை ஆடவர்க்கு உரியவை, மகளிர்க்கு உரியவை எனப் பிரித்து விற்கும் முறை அண்மைக்காலத்தது. ஐரோப்பாவில் 1882இல் ஊபிகான் நிறுவனம் வெளியிட்ட 'ஃபூஜேர் ருவாயால்' என்னும் நறுமணம் பிற்காலத்தில் ஆடவர் நறுமண வகை ஒன்றற்கே முன்மாதிரியாயிற்று. தமிழ் மரபில் அத்தகைய கடுமையான பிரிவினை இல்லை. எனினும் மார்பிற் பூசிய சாந்து ஆடவனின் அடையாளமாகச் சங்கப் பாடல்களிலேயே இடம்பெறுகிறது. அவ்வகையில் சந்தனத்தையும் அதனோடு சேர்ந்த புனுகையும் சவ்வாதையும் இப்பகுதியின் மரபான ஆடவர் நறுமணம் எனக் கொள்ளலாம்.

நறுமண உலகில் மறுவாக்கம் என்பது, பெயரை மாற்றாமல் சேர்மானத்தை மாற்றுவதைக் குறிக்கும். மூலப்பொருள் அரிதாதல், விலை உயர்தல், சட்டத் தடை, உடல்நலம் பற்றிய புதிய அறிவு ஆகியவை அதற்குரிய காரணங்கள். இவை அனைத்தும் புனுகிற்கும் சவ்வாதிற்கும் பொருந்துகின்றன. ஆயினும் இம்மாற்றம் தமிழாய்வில் போதிய கவனம் பெறவில்லை. இன்றைய சவ்வாதை மனத்திற் கொண்டே பழைய நூல்களுக்குப் பொருள் காணும் போக்கு நிலவுகிறது. அதனைத் திருத்துவதற்கு மறுவாக்கத்தின் வரலாறு முதலில் தெளிவுபட வேண்டும்.

நெல்லின் நிலமும் வெளியிலிருந்து வந்த மணமும்

காவிரிப் படுகை நெல் விளையும் வண்டல் நிலம். சந்தனமும் அகிலும் மலையில் வளர்பவை. கருப்பூரமும் கத்தூரியும் கடலுக்கு அப்பாலிருந்தோ வடநாட்டிலிருந்தோ வந்தவை. ஆகவே இப்பகுதியின் நறுமணப் பண்பாடு தொடக்கம் முதலே வணிகத்தைச் சார்ந்திருந்தது. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களுள் மேற்கு மலையிற் பிறந்த ஆரத்தையும் அகிலையும் குறிப்பிடுகிறது. சிலப்பதிகாரம், அந்நகர வீதிகளில் சுண்ணமும் சாந்தும் பூவும் புகைப்பொருள்களும் விற்றுத் திரிந்தோரைக் காட்டுகிறது. அந்நூலின் கடலாடு காதையில் மாதவியின் நீராட்டிற்குரிய துவர் பத்தும் விரை ஐந்தும் ஓமாலிகை முப்பத்திரண்டும் எண்ணிக்கையோடு சுட்டப்படுகின்றன. நறுமணம் ஒரு தனிப்பொருளன்று, அது வகுக்கப்பட்ட சேர்மானம் என்ற அறிவு அக்காலத்திலேயே வேரூன்றியிருந்ததை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

சோழர் காலத்தில் இவ்வணிகம் விரிவடைந்தது. 1015இல் சீனத்தின் சோங் அரசவையை அடைந்த சோழத் தூதுக்குழு முத்து, யானைத் தந்தம் ஆகியவற்றோடு குந்துருக்கத்தையும் கொண்டுசென்றதாகச் சீன ஏடுகள் கூறுகின்றன. குந்துருக்கம் சோழநாட்டு விளைபொருள் அன்று. அரபு நாட்டிலிருந்து வந்த பிசின். அதாவது, சோழநாடு நறுமணப் பொருள்களை நுகர்ந்ததோடு அவற்றைக் கைமாற்றும் இடமாகவும் விளங்கியது. சுமத்திரா தீவின் பாருஸ் பகுதியிலுள்ள லோபு துவாவில் கிடைத்த, சகம் 1010ஆம் ஆண்டுக்குரிய, அதாவது கி.பி. 1088ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு மேலும் ஒரு செய்தியைத் தருகிறது. திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர், அங்கு வரும் மரக்கலத்தார் செலுத்த வேண்டிய கட்டணத்தைக் கத்தூரியின் விலையோடு இணைத்துப் பொன்னாக வகுத்தனர். நறுமணப் பொருள் ஒன்று பொன்னை அளக்கும் அளவுகோலாகவே நின்றமைக்கு இது சான்று.

கல்லில் பொறித்த சேர்மானம்

இவ்வணிகப் பின்னணியில் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் தனித்துவம் உடையவை. 1010இல் நிறைவுற்ற இக்கோயிலில் இறைவனின் திருமஞ்சன நீருக்கு மணமூட்ட ஏலவரிசி, சண்பக மொட்டு, இலாமிச்சை வேர் ஆகியவற்றிற்காக முதல் வைக்கப்பட்டது. அக்காசு ஊர்ச் சபைகளிடம் அளிக்கப்பட்டு, அதன் பொலிசை கொண்டு இப்பொருள்கள் பெறப்பட்டன. இக்கோயில் கல்வெட்டுகளில் காசு ஒன்றுக்கு ஆண்டிற்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை என்னும் பொலிசை விகிதம் பலவிடத்தும் காணப்படுகிறது. இன்ன பொருள், இன்ன பயனுக்கு, இன்ன முதலிலிருந்து என்பது கல்லிலேயே உறுதிசெய்யப்பட்டது. எனவே இக்கல்வெட்டை அறக்கட்டளை ஆவணமாக மட்டுமன்றி, நறுமணச் சேர்மானத்தின் பொதுப் பதிவாகவும் படிக்கலாம்.

இங்கு இரண்டு செய்திகள் நோக்கத்தக்கன. முதலாவதாக, நீருக்கு மணமூட்டும் இம்மூன்றும் தாவரப் பொருள்கள். விலங்கிலிருந்து பெறும் பொருள் எதுவும் இப்பட்டியலில் இல்லை. இரண்டாவதாக, கல்லில் எழுதப்பட்ட பெயரும் பொருளை முழுமையாகக் காத்துவிடுவதில்லை. இலாமிச்சை என்னும் சொல் வழக்கிலும் அகராதிகளிலும் வெட்டிவேரோடு கலந்து வழங்குகிறது. கல்வெட்டை ஆங்கிலத்தில் பெயர்த்த ஹுல்ட்சும் அதனை வெட்டிவேர் எனும் பொருளிலேயே கொண்டார். மணம் தரும் வேர்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை ஆதலின், கல்லில் பெயர் நிலைத்திருப்பினும் பொருளை அடையாளம் காணத் தாவரவியல் துணை வேண்டியுள்ளது. பெயருக்கும் பொருளுக்கும் இடையே நேரும் இவ்விலகலே சவ்வாதின் வரலாற்றில் பெரிதாக வெளிப்படுகிறது.

புழுகு, புனுகு, சவ்வாது: சொல் வரலாறு

புனுகு என்பது சிறு புனுகுப் பூனையின் வால் அடிப்பகுதியிலுள்ள சுரப்பியிலிருந்து பெறும் மெழுகு போன்ற பொருள். இதன் பழைய வடிவம் புழுகு. பதினைந்தாம் நூற்றாண்டின் அருணகிரிநாதர் திருப்புகழில் புழுகும் களபமும் கத்தூரியும் மீண்டும் மீண்டும் வருகின்றன. அதற்கு முற்பட்ட இலக்கியங்களில் வரும் நானம், நாவி முதலிய சொற்களைக் கத்தூரி எனவும் புழுகு எனவும் உரையாசிரியரும் அகராதிகளும் பலவாறு விளக்குவர். ஆகவே சங்ககாலத்திலேயே புனுகு வழங்கியது எனத் துணிந்து கூறுதல் எளிதன்று. வடமொழி நூல்களை ஆராய்ந்த ஜேம்ஸ் மக்ஹியூ, இந்தியாவில் சந்தனமும் கத்தூரியும் பெற்றிருந்த பழமையான இடத்தைப் புனுகு பிற்காலத்திலேயே எய்தியது எனக் காட்டியுள்ளார். தமிழ்ச் சான்றுகளும் இக்கருத்தோடு பெரிதும் ஒத்துச்செல்கின்றன.

சவ்வாது என்னும் சொல் புனுகைக் குறிக்கும் அரபுச் சொல்லான 'ஸபாத்' என்பதோடு தொடர்புடையது. ஐரோப்பிய மொழிகளின் 'சிவெட்' என்னும் சொல்லும் அவ்வேரிலிருந்தே தோன்றியது. எனின், புழுகும் சவ்வாதும் தொடக்கத்தில் ஒரே பொருளின் இரு பெயர்கள். ஒன்று உள்நாட்டு வழக்கு, மற்றொன்று வணிகரோடு வந்த வழக்கு. நாளடைவில் தமிழ் வழக்கு இவற்றிற்கிடையே ஒரு வேறுபாட்டை உருவாக்கிக்கொண்டது. விலங்கிலிருந்து பெற்ற பொருளும் அதன் தைலமும் புனுகு என நின்றன. பிற மணப்பொருள்களோடு கூட்டப்பட்ட பொடி சவ்வாது ஆயிற்று. ஆகவே இன்றைய பொடியைக் கொண்டு பழைய நூல்களிலுள்ள சவ்வாதிற்குப் பொருள் கூறுவது காலமயக்கமாகும்.

படுகையின் கோயில் மரபிலும் புனுகு இடம்பெற்றது. மயிலாடுதுறையை அடுத்த கூறைநாட்டிலுள்ள புனுகீசுவரர் கோயில், புனுகுப் பூனை இறைவனை வழிபட்டதாகக் கூறும் தலபுராண மரபினை உடையது. விலங்கைத் துன்புறுத்திப் பெறும் பொருளாக அன்றி, விலங்கே விரும்பி இறைவனுக்கு அளித்த பொருளாகப் புனுகை இம்மரபு காண்கிறது. படுகைக்கு வெளியே, திருவொற்றியூரில் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி இறைவனின் கவசம் நீக்கப்படும் மூன்று நாள்களில் புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்தப்படுகின்றன. திருமலையில் வெள்ளிக்கிழமைத் திருமஞ்சனத்தின் பின் புனுகுத் தைலம் சாத்தும் வழக்கம் உண்டு.

சேர்மானத்தை மாற்றும் மரபு

மறுவாக்கம் என்பது மேலை நாட்டுத் தொழில்துறை புகுத்திய சீர்கேடு என்ற கருத்து பரவலாக உண்டு. பழைய நூல்கள் இதற்கு இடம் தரவில்லை. ஆறாம் நூற்றாண்டின் வராகமிகிரர் பிருகத்சங்கிதையின் கந்தயுக்திப் பகுதியில் பதினாறு மணப்பொருள்களைக் கொண்டு நந்நான்காகச் சேர்க்கும் முறையை விளக்குகிறார். பதினாறிலிருந்து நான்கைத் தெரிவு செய்ய 1820 வழிகள் உண்டு. அவற்றின் பங்கு அளவுகளையும் மாற்றினால் மொத்தம் 1,74,720 நறுமணங்கள் கிடைக்கும் என அவர் கணக்கிடுகிறார். பொருளை மாற்றுதல், அளவை மாற்றுதல் இரண்டும் கலையின் பகுதியாகவே அங்குக் கருதப்பட்டன. பன்னிரண்டாம் நூற்றாண்டின் மானசோல்லாசம் அரசனின் நுகர்ச்சிகளுள் நறுமணப் பூச்சுக்குத் தனியிடம் தருகிறது. பதினாறாம் நூற்றாண்டின் அயினி அக்பரி, அக்பரின் நறுமணக் கூடத்தின் கலவைகளை அளவோடும் மூலப்பொருள்களை விலையோடும் பட்டியலிடுகிறது.

இவற்றிற்கும் இன்றைய மறுவாக்கத்திற்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. பழைய நூல்களில் மாற்றம் வெளிப்படையானது. எது நீங்கியது, எது சேர்ந்தது என்பதைக் கற்றோர் அறிய இயலும். இன்றைய மாற்றம் பெயரின் மறைவில் நிகழ்கிறது.

வேதியியல் நோக்கில் ஒப்பீடு

புனுகு முதலில் வெளிர்மஞ்சள் நிறத்தில் இருந்து, நாளடைவில் பழுப்பாகும். செறிவாக இருக்கும்போது அதன் நாற்றம் தாங்கவொண்ணாதது. மிகச் சிறிதளவில் பிற பொருளோடு சேரும்போதே நறுமணமாகிறது. இதற்குரிய காரணம் அதன் கூட்டமைப்பில் உள்ளது. அதன் தலைமைப் பொருளான சிவெட்டோன் மென்மையான, நெடுநேரம் நிற்கும் மணம் உடையது. அதனோடு சேர்ந்துள்ள ஸ்கேட்டோல், இண்டோல் ஆகியவை கடுநாற்றத்திற்குக் காரணமானவை. குரோவாசியாவிற் பிறந்து சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய லெயோபோல்ட் ருசிச்கா, 1926இல் சிவெட்டோனின் மூலக்கூறு பதினேழு கரியணுக்கள் கொண்ட பெருவளையம் என நிறுவினார். அத்தகைய பெருவளையங்கள் நிலைத்திருக்க இயலாது என்று அதுவரை வேதியியலார் நம்பியிருந்தனர். ருசிச்கா 1939இல் வேதியியலுக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்று சிவெட்டோனைச் செம்பனை எண்ணெயிலிருந்து கிடைக்கும் மூலப்பொருளைக் கொண்டும் தொகுக்க இயலும்.

இதனால் ஒப்பீட்டில் ஒரு நுட்பம் புலனாகிறது. தொகுப்புச் சிவெட்டோனின் மூலக்கூறும் பூனையிலிருந்து பெற்ற சிவெட்டோனின் மூலக்கூறும் ஒன்றே. வேறுபடுவது முழுக் கூட்டமைப்பு. இயற்கைப் புனுகில் கடுநாற்றப் பொருள்கள் நுண்ணளவில் நின்று, மேனியின் வெம்மையில் படிப்படியாக வெளிப்பட்டு, சந்தனத்தின் இனிமைக்கு ஓர் ஆழத்தைத் தந்தன. தொகுப்புப் பொருள் மட்டும் சேர்ந்த கலவை தூய்மையாக மணக்கும். ஆனால் மணம் காலப்போக்கில் மாறிச்செல்லும் தன்மை அதில் குறைவு. விலை குறைந்த செயற்கைக் கத்தூரி வகைகள் சேரும்போது வேறுபாடு மேலும் மிகுகிறது. அத்தகைய வகைகளின் வரலாறு, 1888இல் ஆல்பர்ட் பவுர் வெடிமருந்துப் பொருள்களை ஆராய்ந்தபோது தற்செயலாகக் கண்ட கத்தூரி மணத்திலிருந்து தொடங்குகிறது. அவ்வகையைச் சார்ந்த கத்தூரி அம்பரெட், நரம்பு மண்டலத்திற்கு ஊறு செய்வது கண்டறியப்பட்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுப்பொருள்களில் தடைசெய்யப்பட்டது. இயற்கையானது அனைத்தும் நன்று, செயற்கையானது அனைத்தும் தீது என்னும் எளிய பிரிவினையும், அதன் மறுதலையும் இங்குப் பொருந்தா.

சந்தனத்தின் நிலையும் இதனை ஒத்தது. சந்தன எண்ணெய்க்கான பன்னாட்டுத் தரநிலை, ஆல்ஃபா சாண்டலால் 41 முதல் 55 விழுக்காடும் பீட்டா சாண்டலால் 16 முதல் 24 விழுக்காடும் இருத்தல் வேண்டும் என வரையறுக்கிறது. செயற்கைச் சந்தன மணப்பொருள்கள் பல, இவ்விரண்டோடும் கட்டமைப்பில் வேறுபட்டவை. மணத்தில் மட்டும் ஒத்தவை. ஆகவே புனுகின் மறுவாக்கத்தில் மூலக்கூறு தொடர இயலும். சந்தனத்தின் மறுவாக்கத்தில் பெரும்பாலும் மணத்தின் சாயலே தொடர்கிறது.

சட்டமும் அறமும்

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் புனுகுப் பூனைகளைப் பாதுகாக்கப்பட்ட விலங்குகளாக்கியது. கூண்டிலடைத்துச் சுரப்பைச் சுரண்டி எடுக்கும் முறை விலங்கிற்குத் துன்பம் தருவது என்பதில் ஐயமில்லை. உலகின் பெரிய நறுமண நிறுவனங்களும் இதே திசையில் சென்றன. 1889இல் வெளிவந்து ஆடவரும் மகளிரும் பயன்படுத்திய கெர்லன் நிறுவனத்தின் 'ஜிக்கி', புனுகு மணத்திற்குப் பெயர்பெற்றது. பிற்கால ஆக்கங்களில் அம்மணம் மென்மையாக்கப்பட்டது. சந்தன மரம் 1998இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனமாகச் சேர்க்கப்பட்டது. தமிழக அரசு 2002இல் சட்டத்தைத் திருத்தித் தனியார் நிலத்துச் சந்தன மரத்தின் மீதான நிலவுடைமையாளரின் உரிமையை ஏற்றது. நாகூர்க் கந்தூரி விழாவில் அடக்கத்தலத்திற்குச் சந்தனம் பூசும் சடங்கிற்கு அரசே விலையின்றிச் சந்தனக் கட்டை வழங்கிவருகிறது. இயற்கைப் பொருள் தொடர வேண்டிய இடத்தைச் சமூகம் தெரிந்து காப்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

இதனை நோக்கப் புனுகின் மறுவாக்கத்தை மரபிழப்பாகக் கருத வேண்டுவதில்லை. கூறைநாட்டுத் தலபுராண மரபு காட்டும் விலங்கின் விருப்பக் கொடை என்னும் கருத்திற்குக் கூண்டுப் புனுகைவிடத் தொகுப்புப் பொருளே நெருக்கமானது எனலாம்.

பதிவின் இழப்பு

எனினும் ஓர் இழப்பு உண்டு. பிரான்சின் வெர்சாய் நகரில் 1990இல் தொடங்கப்பட்ட ஓஸ்மோதெக் என்னும் நறுமணக் காப்பகம், வழக்கிழந்த நறுமணங்களை மூலச் சேர்மானத்தின்படி மீளச் செய்து காக்கிறது. ஃபூஜேர் ருவாயாலின் பழைய வடிவத்தையும் அங்கு நுகர்ந்து இன்றைய வடிவத்தோடு ஒப்பிட இயலும். தஞ்சையில் மருத்துவச் சேர்மானங்களுக்கு இத்தகைய பேறு வாய்த்தது. இரண்டாம் சரபோசி மன்னர் காலத்தில் தொகுக்கப்பட்ட மருத்துவ முறைகள் சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் பெயரில் சரசுவதி மகால் நூலக வெளியீடுகளாக அச்சேறின. நறுமணச் சேர்மானங்களோ குடும்பத் தொழில் மறையாகவே நின்று, செய்தோர் மறைந்தபோது மறைந்தன. எந்த ஆண்டில் எந்தச் சவ்வாதிலிருந்து புனுகு நீங்கியது என்பதை ஒப்பிட்டறிய முன்வடிவம் எஞ்சவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட திருமஞ்சன நீரின் மணப்பொருளைக் கல்வெட்டால் அறிய முடிகிறது. நூறாண்டுகளுக்கு முற்பட்ட சவ்வாதின் சேர்மானத்தை அவ்வாறு அறிய முடிவதில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் பெறப்படுவன வருமாறு. காவிரிப் படுகையின் ஆடவர் நறுமணம் வணிகத்தால் உருவானது. எனவே வரத்து மாறும்போதெல்லாம் அதுவும் மாறக்கூடியதாக இருந்தது. புழுகும் சவ்வாதும் முதலில் ஒரு பொருளின் இரு பெயர்கள். இன்றைய வேறுபாடு பிற்காலத்தது. இயற்கைப் புனுகின் தலைமை மூலக்கூறு தொகுப்பு முறையில் தொடர இயலினும், அதன் முழுக் கூட்டமைப்பு தந்த ஆழம் குறைந்தது. இம்மாற்றம் அறத்தாலும் சட்டத்தாலும் ஏற்கத்தக்கது.

ஆயின் பெயர் மட்டும் தொடர்ந்து சேர்மானம் மறைந்தமை ஆய்விற்கு நேர்ந்த இழப்பாகும். பதிப்பாசிரியரும் அகராதித் தொகுப்பாளரும் புழுகு, புனுகு, சவ்வாது ஆகியவற்றிற்குப் பொருள் தரும்போது காலத்தையும் மூலப்பொருளையும் சேர்த்துக் குறித்தல் வேண்டும். கோயில்களிலும் மூத்த வணிகக் குடும்பங்களிலும் எஞ்சியுள்ள சேர்மானக் குறிப்புகளை, அவற்றைப் பயன்படுத்தியோர் உள்ளபோதே தொகுத்தல் வேண்டும். மணம் காற்றில் கலந்து மறைவது இயல்பு. அதன் அளவையும் பொருளையும் எழுதி வைப்பது, பெரிய கோயில் கல்வெட்டு காட்டியவாறு, இயலாத செயல் அன்று.